வெள்ளைச் சுவரும் மஞ்சள் கயிறும்

மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் கோயிலில் திருவிருந்து. முந்தின நாள் சாயந்திரம், பெண்கள் ஐக்கிய சங்கத்தில் யாருடைய முறையோ அவர்கள் போய் மேசையைத் துடைக்க வேண்டும். வெள்ளை விரிப்பைத் துவைத்துக் கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணிக் கொண்டுபோக வேண்டும். பன்னீர் திராட்சையைக் கொதிக்கவைத்து, வடிகட்டி, சர்க்கரை சேர்த்து ஆறவைக்க வேண்டும். சின்னக் கிண்ணங்களைக் கழுவி எண்ணி அடுக்க வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேலாக அம்மா இதைச் செய்திருக்கிறாள். அப்பா இறந்த பிறகு வந்த முதல் முறைக்கு, சங்கத்திலிருந்து ஒரு பெண்மணி வீட்டுக்கு வந்தார். "இந்தத் தடவை நீங்க சிரமப்பட வேணாங்க்கா, வேற ஆளப் பாத்துக்கிறோம்" என்றார். சொன்ன விதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் எழுந்து போகும்போது அவர் பார்வை அம்மாவின் கழுத்தில் ஒரு கணம் நின்றது. அம்மா தாலியைக் கழற்றியிருக்கவில்லை.

அவர் தடுத்தது கைம்பெண்ணையா, கழற்ற மறுத்த கைம்பெண்ணையா? இரண்டில் எதுவாக இருந்தாலும், அந்தக் கோயில் எந்த மரபிலிருந்து வந்ததோ அந்த மரபுப்படி அது நடந்திருக்கக் கூடாது. இந்தக் கட்டுரை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

எங்கள் ஊர் கீரனூர்ப் பக்கம். புதுக்கோட்டைக் கீரனூர் இல்லை, பழனிக்கு வடக்கே இருப்பது. கீரனூர் ஜாகிர்ராஜா என்ற எழுத்தாளரின் பெயரிலேயே தமிழ் வாசகர்களுக்கு இந்த ஊர் தெரிந்திருக்கும். தெற்கே பார்த்தால் மலை. தைப்பூசம் வந்தால் சாலை முழுக்கக் காவடி, வேல், பச்சை வேட்டி, மொட்டைத் தலைகளில் சந்தனம். கண்ணுக்கும் மூக்குக்கும் விருந்தாகக் குறியீடுகள் நிறைந்த நிலம் இது. இதன் நடுவே சுண்ணாம்படித்த நான்கு சுவரும், முன்சுவரில் வளைவாக எழுதிய ஒரு வசனமும், ஒரு மேசையும், ஒரு பிரசங்க பீடமும் மட்டும் கொண்ட கட்டடம் ஒன்று. சின்ன வயதில் பக்கத்து வீட்டுத் தோழி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க சாமி எங்கடி?" என்று கேட்டாள். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பதில் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்க மிஷனரிகள் மதுரைக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டே திண்டுக்கல்லில் ஒரு நிலையம் அமைந்தது. அமெரிக்கன் மதுரை மிஷன் என்று அதற்குப் பெயர். அவர்களை அனுப்பிய அமெரிக்கன் போர்டில் காங்கிரகேஷனல் சபையாரே மிகுதி. பிரெஸ்பிட்டேரியன்களும் அதில் நெடுங்காலம் பங்காளிகள். இரண்டு சபைகளுக்கும் நிர்வாகத்தில்தான் வேறுபாடு. ஒன்றில் சபையே தன்னை ஆண்டுகொள்ளும், மற்றதில் மூப்பர்கள் ஆளுவார்கள். பிரெஸ்பிட்டர் என்ற கிரேக்கச் சொல்லுக்கு மூப்பர் என்றுதான் பொருள். வழிபாட்டில் இரண்டும் ஜெனீவாவில் கால்வின் வகுத்த வழியில் வந்தவை. 1908இல் இருவரும் சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபை ஆனார்கள். 1947 செப்டம்பர் 27ஆம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளோடு இணைந்து தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ. ஆனார்கள். திண்டுக்கல் பக்கத்துக் கோயில்கள் இன்று அதன் மதுரை இராமநாதபுரம் திருமண்டலத்தில் இருக்கின்றன. மேசைமேல் சிலுவையும் மெழுகுவர்த்தியும் பல இடங்களில் வந்துவிட்டன. ஆனால் அந்த வெள்ளைச் சுவரின் பின்னால் இருப்பது கால்வினுடைய பிள்ளைகளின் அச்சம். மனித மனம் எதைக் கண்டாலும் அதைத் தெய்வமாக்கிக்கொள்ளும் என்ற அச்சம்.

ஆகவே அவர்கள் கழித்தார்கள். படங்களைக் கழித்தார்கள், சிலைகளைக் கழித்தார்கள், தூபத்தையும் திருநாள்களையும்கூடக் கழித்தார்கள். ஞானஸ்நானம், திருவிருந்து என்ற இரண்டு அடையாளங்களை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அவற்றையும் அடையாளம், முத்திரை என்ற இரண்டு சொற்களால் விளக்கினார்கள். தண்ணீரிலோ அப்பத்திலோ தனியாக ஒரு புனிதமும் ஏறிவிடவில்லை, அவை கடவுளின் வாக்கைச் சுட்டுகின்றன, உறுதிப்படுத்துகின்றன என்பது பொருள். கத்தோலிக்கர் பலிபீடம் என்றதை இவர்கள் மேசை என்றார்கள். பலி ஒரே தடவை கொடுத்து முடிந்துவிட்டது, இனி இருப்பது சாப்பாடு மட்டுமே என்பது அவர்கள் வாதம். மேசை மரம்தான். தச்சன் செய்த மரம்.

எனக்கு இந்த வாதம் பிடிக்கும். இதன்படி மேசையில் புனிதம் இல்லை என்றால் தீட்டும் இல்லை. கைம்பெண்ணின் கை பட்டு அது கெட இடமே இல்லை. மாதவிலக்கு நாளில் ஒருத்தி அதன் அருகே வந்தால் ஆவது ஒன்றுமில்லை. இருந்தும் எங்கள் சபையில் அந்த நாள்களில் திருவிருந்து எடுக்காமல் பின்வரிசையில் உட்கார்ந்துகொள்ளும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். யாரும் அவர்களைத் தடுப்பதில்லை, அவர்களாகவே நின்றுவிடுகிறார்கள். மரத்திலிருந்து விரட்டப்பட்ட புனிதம் எங்கே போனது என்று கேட்டால், அந்தப் பின்வரிசையைத்தான் நான் காட்டுவேன்.

பட்டினப்பாலையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்கு எங்கள் கோயில் நினைவுக்கு வரும். தூண் ஒன்று நட்டு வைத்த பொதியில். அந்திப்பொழுதில் அதை மெழுகி, பூவிட்டு, விளக்கேற்றுகிறவர்கள் கொண்டி மகளிர். போரில் பிடித்துவரப்பட்ட பெண்கள். நீரில் குளித்துவிட்டு வந்து அவர்கள் ஏற்றும் விளக்கில் பலரும் தொழுகிறார்கள். உருவமில்லாத ஒரு கம்பத்துக்குக்கூட மெழுகுவதற்குப் பெண் வேண்டியிருந்தது. கோயிலில் உருவம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் துடைக்கிற துணி நம் கையில்தான் இருந்திருக்கிறது.

துடைப்பதைத் தவிர வேறு ஒன்றையும் இந்த மரபில் ஒரு பெண் செய்திருக்கிறாள். 1637 ஜூலை 23, எடின்பரோ நகரின் செயின்ட் ஜைல்ஸ் கோயில். மன்னர் சார்லஸ் ஸ்காட்லாந்தின்மேல் திணித்த புதிய ஜெபப் புத்தகத்தைக் குருவானவர் வாசிக்கத் தொடங்கினார். சந்தையில் கடை போட்டிருந்த ஜென்னி கெடஸ் என்ற பெண், தான் உட்கார்ந்திருந்த முக்காலியைத் தூக்கி அவர்மேல் எறிந்தாள் என்று அந்த நாட்டில் வழிவழியாகச் சொல்கிறார்கள். அன்றைய கலகம் வளர்ந்து போராகி, ஸ்காட்லாந்து பிரெஸ்பிட்டேரியன் நாடாக நிலைக்க வழியானது. ஆனால் அந்தச் சபையில் ஒரு பெண் மூப்பர் ஆவதற்கு 1966 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குருவாவதற்கு 1968. முந்நூறு வருஷத்துக்கு மேல் அந்த வீட்டில் பெண்ணுக்கு வேறொரு முக்காலிதான் கிடைத்தது. திருமணத்துக்கு வெளியே கர்ப்பமானவளைச் சபையின் முன்னால் உட்காரவைக்கும் மனந்திரும்புதல் முக்காலி. ஆண்களும் அதில் உட்கார்ந்தது உண்டு. ஆனால் ஆணின் வயிறு காட்டிக்கொடுக்காது.

அந்த நாட்டில் திருவிருந்து நாள் நெருங்கும்போது மூப்பர்கள் வீடுவீடாக விசாரித்து, தகுதியானவர் என்று கண்டவர்களுக்கு ஈயத்தில் வார்த்த சிறு வில்லை ஒன்றைக் கொடுப்பார்கள். ஊர்ப் பெயரின் எழுத்தும் ஆண்டும் அதில் பதிந்திருக்கும். வில்லை இல்லாதவருக்கு மேசையில் இடமில்லை. நீண்ட மேசைகளைப் போட்டு, ஒரு கூட்டம் உட்கார்ந்து எழுந்ததும் அடுத்த கூட்டம் உட்காரும். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. முதல் பந்தி, இரண்டாம் பந்தி! தமிழில் நம் கிறிஸ்தவர்கள் திருவிருந்துக்கு இட்ட பெயர்களில் ஒன்று கர்த்தருடைய பந்தி.

மேசை என்றால் மரச்சாமான் மட்டும்தான் கண்ணில் வரும். பந்தி என்றால் நமக்கு ஊரே வந்துவிடும். யார் யாரோடு உட்காரலாம், யார் பரிமாறலாம், யார் சமைத்ததை யார் தொடலாம் என்று சாதி தன்னை நாள்தோறும் எழுதிக்கொள்ளும் இடம் அது. பந்திக்கு முந்து என்கிற பழமொழி பெண்களுக்குச் சொன்னதில்லை. அவள் எல்லாப் பந்தியும் முடிந்து, குழம்பு அடிச்சட்டியில் இருக்கும்போது உட்காருகிறவள். மதுரை மிஷன் 1847இல் தன் உபதேசிமாருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு சோதனை வைத்தது. சாதியை விட்டதற்கு அடையாளமாக, ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர் சமைத்ததை எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாப்பிடாதவர்களுக்கு வேலை போனது. பலர் போனார்கள். அப்பத்தையும் ரசத்தையும் சேர்ந்து உண்டுகொண்டே சோற்றைத் தனித்தனியாக உண்டவர்களிடம், உன் பந்தி எது என்று நேராகக் கேட்ட கேள்வி அது. மிஷன் சரித்திரத்தில் நான் மதிக்கிற இடங்களில் ஒன்று.

ஆனாலும் அந்தச் சோதனை மிஷனிடம் சம்பளம் வாங்கிய ஆண்களுக்கு வைக்கப்பட்டது. சாதி காக்கப்படுவது ஆண்கள் கூடி உண்ணும் இடத்தில் மட்டுமா? வீட்டு அடுப்படியிலும் கல்யாணத்திலும்தானே? மிஷன் பங்களாவில் ஒருநாள் சமபந்தி உண்டு திரும்பியவர் தன் மகளைச் சாதிக்குள்ளேயே கட்டிக்கொடுக்கலாம். கட்டிக்கொடுத்தார்கள். மணமகள் தேவை விளம்பரத்தில் சபையின் பெயரையும் சாதியின் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடிக்கும் வழக்கம் அங்கிருந்துதான் நம்மிடம் வந்து நிற்கிறது.

பாட்டு இன்னொரு சிக்கல். 1853இல் இதே மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளையும் சேர்த்து ஒரு பாட்டுப் புத்தகம் வெளியிட்டார். இராகமும் தாளமும் வெள்ளைச் சுவருக்குள் வந்தன. கண்ணுக்கு மறுத்ததைக் காதுக்குக் கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். குறவஞ்சி போன்ற பெண்குரல் வடிவங்களைக் கையாண்டவர் சாஸ்திரியார். அவருடைய பெத்லகேம் குறவஞ்சியில் குறி சொல்ல வருகிறவள் பெண். அதே சாஸ்திரியார், 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று கடிதம் எழுதிய காலத்தில், சாதி வழக்கத்தின் பக்கம் உறுதியாக நின்றவர். சோற்றுப் பந்தியில் சாதியைச் சோதித்த மிஷன், ஆறே வருஷத்தில் அவர் பாட்டைப் பந்திக்குக் கொண்டுவந்தது. நான் அந்தப் பாட்டுகளைப் பாடித்தான் வளர்ந்தேன், இப்போதும் பாடுகிறேன். தெரிந்துகொண்டு பாடுவது கொஞ்சம் தொண்டையை அடைக்கும், அவ்வளவுதான்.

இனி தாலி. கால்வின் வழி வந்த இங்கிலாந்துத் தூய்மைவாதிகள் கல்யாண மோதிரத்தையே ஏற்கவில்லை என்று சொன்னால் என் மாணவிகள் நம்பமாட்டார்கள். 1603இல் ஜேம்ஸ் மன்னரிடம் அவர்கள் கொடுத்த மனுவில், ஞானஸ்நானத்தில் சிலுவை அடையாளம் போடுவதோடு மோதிரத்தையும் நீக்கக் கேட்டார்கள். 1645இல் வெஸ்ட்மின்ஸ்டரில் கூடியவர்கள் வகுத்த வழிபாட்டு நெறிநூலில் திருமணத்துக்கு மோதிரம் கிடையாது. கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தால் போதும். அடக்கத்துக்கோ சடங்கே கிடையாது. கல்லறை அருகே ஜெபமும் பாட்டும்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தமிழ்ப் பெண்ணின் கழுத்தைப் பார்த்தால், அங்கே கயிறு ஏறவும் வழியில்லை, இறங்கவும் வழியில்லை.

ஏறியது. தாலிப் பஞ்சாயத்து முதலில் கத்தோலிக்கரிடம் வந்தது. 1704இல் ரோமிலிருந்து வந்த தூர்னோன் புதுச்சேரியில் ஓர் ஆணை போட்டார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது, 108 இழை மஞ்சள் கயிறு கூடாது, பதிலாகச் சிலுவை போன்ற உருவங்கள் இருக்கலாம் என்றார். அதே ஆணையில், மாதவிலக்கைக் காரணம் காட்டிப் பெண்களைக் கோயிலிலிருந்து விலக்கக் கூடாது என்றும் இருந்தது. 300 வருஷம் ஆகிறது. முதல் பகுதியை எல்லோரும் நிறைவேற்றிவிட்டோம். பிள்ளையார் போய்ச் சிலுவை வந்தது, புறா வந்தது, புராட்டஸ்டண்ட் கழுத்தில் வேதப்புத்தகம் வந்தது. இரண்டாவது பகுதியைத்தான் எங்கள் பின்வரிசையில் பார்க்கிறேன்.

தாலியின் உருவத்தை மாற்றுவது எளிது. அது சொல்லும் சேதி மாறவில்லை. யாருடையவள் என்பதை அது ஏறும்போது சொல்கிறது, யாருமற்றவள் என்பதை இறங்கும்போது சொல்கிறது. புறநானூற்றிலேயே கைம்பெண்ணுக்குக் கலன் கழித்தவள் என்பது அடையாளம். வெஸ்ட்மின்ஸ்டரில் இல்லாத சடங்கு, வேதத்தில் இல்லாத சடங்கு, எங்கள் சபையில் அடக்கத்துக்கு மறுநாள் நடக்கிறது. அதை நடத்துகிறவர்கள் குருவானவரோ மூப்பரோ இல்லை. பெண்கள். எனக்கு இது கசப்பான உண்மை. கோயிலில் செய்யக் கிடைக்காத சடங்குத் தலைமையைச் சாவு வீட்டில் எடுத்துக்கொள்கிறோமோ என்று யோசித்திருக்கிறேன்.

என் கழுத்தில் தாலி இல்லை. என் கல்யாணத்தில் வேண்டாம் என்றேன். பெரியாரைப் படித்த காலம் அது. அப்பா ஒரு வாரம் பேசவில்லை. ஆகவே அம்மா கழற்ற மறுத்தபோது எனக்குள் இரண்டு குரல் கேட்டது. சடங்கை மறுக்கிறாளே என்று ஒன்று மகிழ்ந்தது. அந்தத் தங்கத்தை இன்னும் ஏன் சுமக்கிறாய் என்று இன்னொன்று கேட்டது. ஒருநாள் கேட்டேவிட்டேன். அம்மாவின் தாலி விரித்துவைத்த புத்தகம் மாதிரி இருக்கும். அதைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டே, "இது வேதம்டி. வேதத்தக் கழட்டி வையின்னு எவளாவது சொல்லட்டும், பாக்குறேன்" என்றாள்.

இந்த மரபின் நடுவில் இருக்கும் குறியீடு அந்தப் புத்தகம்தான். அதனால்தான் பல கோயில்களில் பிரசங்க பீடம் நடுவில் இருந்தது, சுவரில் படத்துக்குப் பதில் எழுத்து இருந்தது. எங்கள் வீடுகளில் ஒவ்வொரு வருஷமும் தொங்கவிடும் வாக்குத்தத்த வசன அட்டையும் அதன் பேத்திதான். தமிழ் படித்தவளாகச் சொல்கிறேன், எழுத்தும் ஒரு உருவம்தான். எழுத்தறியாத என் அப்பத்தா அந்த முன்சுவர் வசனத்தை வாசித்ததே இல்லை, பார்த்துக் கும்பிட்டிருக்கிறாள்.

ஆனால் புத்தகம் ஒரு காரியம் செய்தது. அதை வாசிக்கப் பெண்ணுக்கும் எழுத்து கற்றுத்தர வேண்டியிருந்தது. 1892இல் ஈவா ஸ்விஃப்ட் மதுரையில் லூசி பெரி நோபிள் வேதாகமப் பள்ளியைத் தொடங்கி, பைபிள் உமன் என்று அழைக்கப்பட்ட பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார். என் அம்மாச்சியின் பெரியம்மா அந்த வேலை செய்தவர். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். வெள்ளைச் சேலை, துணிப்பை, பைக்குள் புத்தகம், கிராமம் கிராமமாக நடை. ஊர் கைம்பெண்ணுக்குக் கொடுத்த வெள்ளையையே சீருடை மாதிரி உடுத்திக்கொண்டு, நல்ல காரியத்துக்கு எதிரே வரக் கூடாத ஒருத்தி வீடு வீடாக உள்ளே போய்த் திண்ணையில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தார். கூலியும் வாங்கினார். பிரசங்க பீடம் அவருக்குக் கிடையாது. ஊரின் திண்ணைகளெல்லாம் அவருடைய பீடமாயின. எங்கள் குடும்பத்தில் அவருடைய படம் ஒன்றுகூட இல்லை. புத்தகம் மட்டும் இருந்தது, அதையும் கரையான் அரித்துவிட்டது.

சி.எஸ்.ஐ. பெண்களைக் குருக்களாக ஏற்கத் தொடங்கியது 1970களில். 2013 செப்டம்பரில் எக்கோனி புஷ்ப லலிதா நந்தியால் திருமண்டலப் பேராயரானார், அந்தச் சபையில் பேராயரான முதல் பெண் அவர். இதைச் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன். மேசைக்குப் பின்னால் ஒரு பெண் நின்று அப்பத்தைப் பிட்பதைப் பார்க்கும் சிறுமிக்கு, அந்த மேசையின் பொருள் வேறாகத்தான் ஆகும். எங்கள் ஊரில் அதை இன்னும் நான் பார்க்கவில்லை. ஆராதனையில் சமாதானம் கொடுக்கும்போது குருவானவரின் கை முதலில் ஆண்கள் பக்கம் போகிறது. அங்கிருந்து கைமாறிக் கைமாறிப் பெண்கள் பக்கம் வந்துசேர்வதற்குள் அடுத்த பாட்டு தொடங்கிவிடும்.

அம்மாவுக்கு அடுத்த மாதமும் யாரும் முறை சொல்லவில்லை. சனிக்கிழமை நான் கல்லூரியிலிருந்து வந்தபோது அடுப்பில் திராட்சை கொதித்துக்கொண்டிருந்தது. "யாரும்மா சொன்னா?" என்றேன். "யார் சொல்லணும்?" என்றாள். சாவி இருக்கும் வீட்டுக்கு அவளே போய் வாங்கி வந்திருந்தாள். நானும் கூடப் போனேன். சன்னலைத் திறந்து, மேசையை ஈரத்துணியால் ஒரு தடவை, காய்ந்த துணியால் ஒரு தடவை துடைத்தாள். குனியும்போது தாலி மரத்தில் பட்டு டிக்கென்று சத்தம் வந்தது. அதைச் சேலைக்குள் தள்ளிவிட்டு மறுபடி குனிந்தாள். நான் கிண்ணங்களை எண்ணினேன். அறுபத்து நான்கு இருக்க வேண்டும், இரண்டு குறைந்தது. சங்கக் கணக்கில் எழுதி வாங்கச் சொல்ல வேண்டும் என்றாள் அம்மா.